சோபா ஓரத்து நாடி

சங்ககிரியில சென்னியப்பன் ஓனர் வீட்டுப் பெரிய சோபாவுக்கு நாடி அடிச்சுதே, அந்தச் சோபாவுக்கு உறை தெச்சது என்ற கடையிலதாங்க. துணி வெட்டுனது நான், ஓரம் அடிச்சது சிந்தாமணி, அதனால பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் ஒருவிதமாவும் சலூன்ல இன்னொருத்தன் வேறவிதமாவும் கதை கட்டறதையெல்லாம் காதுல போட்டுக்காதீங்க, நடந்ததை நடந்தபடி நான் சொல்றேன், குறுக்கே பேசாம கேட்டாப் போதும்.

சோபா உறைக்கு அழகே ஓரத்துலதான் இருக்குது. துணியை மூலைவாட்டத்துல பட்டை பட்டையா வெட்டி, அதுக்குள்ள பருத்திக் கயிறை வெச்சு மடிச்சு, கயிறை ஒட்டியே ஊசியை ஓட்டினா சுண்டுவிரல் தடிமனுக்கு உருண்டையா ஒரு ஓரம் வரும், பைப்பிங்னு சொல்லுவோம். அதை உறையோட விளிம்புல வெச்சு, நெளியாம, வாய் பொளக்காம, மூலை திரும்பறப்ப சுருங்காம தெச்சுட்டா ஓட்டைச் சோபாவும் கல்யாணப் பொண்ணாட்ட உக்காந்திருக்கும். அந்த வேலைக்கு சிந்தாமணியை விட்டா ஆளில்லை. அவ மிஷின்ல உக்காந்தா கண்ணு ஊசியிலயே இருக்கும், கை பாட்டுக்கு வேணுங்கறதை எடுக்கும் வெக்கும், பக்கத்துல இடி விழுந்தாலும் தலை நிமுறாது. நல்ல பழக்கம்னு நானே பெருமையாச் சொல்லியிருக்கறேன்.

சென்னியப்பனுக்கு லாரி நெறைய. சிந்தாமணி வீட்டுக்காரர் அர்த்தநாரி அவர்கிட்டத்தான் டிரைவர். ஓனரோட மகளுக்கு நிச்சயம் வெச்சிருந்தாங்க, திருச்செங்கோட்டுல இருந்து மாப்பிள்ளை வீடு வருது, அதுக்காக ஓனரம்மா ராஜாமணி மெரூன் வெல்வெட்டு எடுத்துக் குடுத்து, தங்கக் கலர்ல ஓரம் வெக்கச் சொல்லி, தெனமும் ஆளனுப்பி உசுரை வாங்கிட்டிருந்தாங்க.

அப்படித் தெச்சுட்டிருக்கறப்பத்தான் அர்த்தநாரி கடை வாசல்ல வண்டியை உறும விட்டு நிறுத்திப்போட்டு உள்ள வந்தார். துணி பேல் ஏத்தியாச்சு, அஸ்ஸாமையும் தாண்டி மலை மேல போகணும். வந்தவர் பொண்டாட்டியைப் பார்த்து நாலு வார்த்தை பேசுவார்னு பார்த்தா, கருப்பு அரணாக்கயிறோட முடிச்சு கல்லாட்ட இறுகி இடுப்பைக் குத்துதுன்னு சொல்லி, என்ற கத்திரியை எடுத்து, கயிறை அறுத்து மிஷின் மேல போட்டார். நான் கத்தினேன். "ஏனுங்க மாப்ளை, புதுசைக் கட்டிப்போட்டுத்தானே பழசை அறுக்கணும்? கயிறில்லாத இடுப்பு பொணத்துக்குத்தானே? சின்னப் பசங்களுக்குத் தெரியறது உங்களுக்குத் தெரியாதா?"

"எதுத்த கடையிலதான் வாங்கப் போறேனுங்க அக்கா, அதுக்குள்ள யாரு சாகப்போறா"ன்னு சிரிச்சுட்டு வாசலுக்குப் போனார். அந்நேரம் பார்த்து ஓனர் போன் பண்ணி, இன்னும் ஊரைத் தாண்டலையாடான்னு காச்ச, பின்னால பஸ்ஸுக்காரன் ஆரனை அமுக்க, "வழியில வாங்கிக் கட்டிக்கறேன் சிந்தா"ன்னு கத்திக்கிட்டே வண்டியேறிப் போயிட்டார். சிந்தாமணி தலை நிமுறல. கண்ணு கலங்கியிருந்துச்சு, அதை மறைக்கத்தான் இன்னும் வேகமா மிதிச்சா. பெரிய சோபாவோட முன்விளிம்புக்கு வந்தப்ப உள்கயிறு ஒரு முழம் பத்தாமப் போச்சு. அவ கை பாட்டுக்கு நீண்டுச்சு, மிஷின் மேல கெடந்த கயிறை எடுத்துச்சு, தங்கப் பட்டைக்குள்ள வெச்சு மூடித் தெச்சுச்சு.

ஓனர் வீட்டுல உறை மாட்டி முடிச்சதும் ராஜாமணியம்மா உக்காந்து பார்த்தாங்க. உக்காந்த வேகத்துல எந்திரிச்சாங்க. "இதென்னடி, ஓரத்துல என்னமோ துடிக்குது? எலியை உள்ள வெச்சுத் தெச்சுட்டீங்களா?" எலியுமில்லை, ஓணானுமில்லை. பக்கத்து வீட்டு நர்ஸ் ஸ்டெல்லா வந்து மூணு விரலை வெச்சு, கடிகாரத்தைப் பார்த்து, "எலியெல்லாம் இல்லைங்க, நாடி. ஆம்பளை நாடி. உடம்பு நல்லாத்தான் இருக்குது, தூக்கந்தான் பத்தாது"ன்னு சொல்லிட்டு டூட்டிக்கு நேரமாச்சுன்னு போயிட்டா. சிந்தாமணி கையை வெச்சா. வெச்சதும் முகம் செத்துப் போச்சு. "அவருதானுங்க அக்கா. மேடு ஏறிட்டிருக்கறார்." போன் போட்டா, அர்த்தநாரி எடுத்து, "ஆமா, மலை மேட்டுலதான் ஏறிட்டிருக்கறேன், உனக்கெப்படித் தெரியும்?"னார்.

அப்பத்தான் அவளுக்குக் கருப்புக் கயிறு எங்க போச்சுன்னு வெளங்குச்சு.

ஊருக்கு இதெல்லாம் ஒரு நாள் பேச்சுங்க. மொத நாள் தெருவே வந்து தொட்டுப் பார்த்துச்சு, பூசாரி வந்து சோபாவுக்குத் திருநீறு பூசினார், வெல்வெட்டு வீணாப் போகுதுன்னு ஓனரம்மா ஈரத் துணியில தொடைச்சாங்க, அடுத்த வாரமே பால்காரர் பால் ஊத்தறப்ப "அர்த்தநாரி எப்படியிருக்கறாருங்க?"ன்னு கேக்க, "பரவால்லை, வெளியூர்ச் சாப்பாடு ஒத்துக்கல போலிருக்குது"ன்னு உள்ளயிருந்து பதில் சொல்றது பழக்கமாயிருச்சு. மத்த டிரைவருக பொண்டாட்டிக என்ற கடைக்கு வந்து, எங்கூட்டுக்காரர் கயிறையும் வெச்சு ஒரு தலகாணியாவது தெச்சுக் குடுங்கக்கான்னு நின்னாளுக. தெச்சுத்தான் பார்த்தோம். ஒண்ணும் அடிக்கல. அவிய புருசங்க எல்லாரும் புதுசைக் கட்டிப்போட்டுப் பழசை அறுத்தவிய, முறையாச் செஞ்சவனுக்கு நாடி எதுக்கு அடுத்தவன் வீட்டுல போய் அடிக்குது?

பயன் கண்டுபுடிச்சது சென்னியப்பன்தான். காலையில காப்பி டம்ளரோட வந்து சோபாவுல உக்காருவார், எடது கையை முன்விளிம்புல வெப்பார், நாடி மெதுவா அடிச்சா உடனே போன். "என்ன அர்த்தநாரி, படுத்துட்டயா? லோடு யாரு எறக்கறது, உங்கப்பனா?" வேகமா அடிச்சா அதுக்கும் போன். "எவன்கிட்டடா சண்டை போடறே?" அர்த்தநாரி பாவம், கேபின்ல கேமரா வெச்சுட்டாங்கன்னு நெனைச்சுக்கிட்டு, டேஷ்போர்டுல இருந்த பிள்ளையாரைக்கூடத் துண்டு போட்டு மூடிப்போட்டு ஓட்டினாராம். சிந்தாமணி சொல்லியும் நம்பல. "சோபாவுக்குள்ள நானா? போ புள்ளே"ன்னு சிரிச்சார். ஓனருக்கோ ஊரெல்லாம் பெருமை. லாரி ஆபீஸ்ல போய், "உங்க வண்டிக்கெல்லாம் என்னென்னமோ மாட்டறீங்களே, எனக்கு என்ற வீட்டு ஹால்லயே டிரைவர் தெரியறான்"னு சொல்லிக்கிட்டார்.

ஒருத்தி புருசனோட நாடியை இன்னொருத்தன் காப்பி குடிச்சுக்கிட்டே புடிச்சுப் பார்க்கறதா? சிந்தாமணி பொழுதோட வேலை முடிஞ்சு அந்த வீட்டுக்குப் போவா, தரையில உக்காந்து ஓரத்துல கன்னத்தை வெச்சுக்குவா. சோபாவுல உக்கார அவளுக்கு யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. கயிறைப் பிரிச்சுக் குடுத்துருங்கக்கான்னு ராஜாமணியம்மாகிட்டக் கெஞ்சினா. நிச்சயம் முடியட்டும்னாங்க. பிரிக்கவும் அவளுக்குப் பயம்தான், அவர் இடுப்புல புதுசு ஏறாம இதை எப்படி எடுக்கறது? போன்ல அவர்கிட்ட மன்றாடினா. "எந்தக் கயிறானாலும் சரி, ஒரு சணலாவது கட்டுங்க." "கட்டறேன் கட்டறேன், மழை விடட்டும், மனுசன் கீழ எறங்கவே முடியல." ஆம்பளைகளுக்கு எதைத்தான் சொன்னவுடனே செய்யத் தெரியும்!

நிச்சயத்துக்கு முந்தின நாள் காலையில நானும் சிந்தாமணியும் கை வெக்கற எடத்துக்குச் சின்ன உறை மாட்ட அங்க போயிருந்தோம். சிந்தாமணி தரையில உக்காந்து ஊசி கோத்துட்டிருந்தா. ஓனர் வந்தார், உக்காந்தார், கையை வெச்சார். முகத்தைச் சுளிச்சார். போனை ஸ்பீக்கர்ல போட்டார்.

"ஏன்டா, நாடி எறங்கிக் கெடக்குது? தூங்கறயா?"

"இல்லைங்கண்ணா, தூங்கல." மழைச் சத்தம் பேச்சைவிடப் பெருசா கேட்டுச்சு. "மேலயிருந்து கல்லு உருளுதுங்கண்ணா. எல்லா வண்டியும் ஓரங்கட்டிட்டாங்க. சித்தே பார்த்துப்போட்டு எடுக்கறேன்."

"கல்லு உருளுதாமா! என்ற கைக்குத் தெரியாதா? குறட்டை விடற நாடிடா இது. நாளைக்குள்ள லோடு எறங்கலைன்னா பார்ட்டி கைய விரிச்சிருவான். எடுறா வண்டியை."

"அண்ணா, நான் தூங்..."

"எடுறாங்கறேன்!"

போனை வெச்சுட்டார். சிந்தாமணி கையில ஊசி அப்படியே நின்னுச்சு. நான் அவளைப் பார்த்தேன், அவ சோபாவைப் பார்த்தா. நாடி வேகமாச்சு, இன்னும் வேகமாச்சு, பிறகு ஒரே அடி, ஹால்ல இருந்த டீப்பாய் மேல தண்ணி டம்ளர் ஆடற அளவுக்கு ஒரே அடி. அதுக்கப்பறம் இருக்குதா இல்லையான்னு தேடிப் புடிக்கற மாதிரி, நூல் மாதிரி ஓடுச்சு. போன் போட்டோம், சுவிச் ஆஃப். பொழுதெல்லாம் போட்டோம், சுவிச் ஆஃப்.

விடிஞ்சா நிச்சயம். சிந்தாமணி தரையை விட்டு நகரல, சோறு தண்ணி எதுவுமில்லை, விளிம்பை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டுக் கெடந்தா. விடிஞ்சதும் டிவியில மலை சரிஞ்சதைக் காட்டினாங்க. ராஜாமணியம்மாவுக்குப் பதறிப் போச்சு. கெட்டவங்கன்னு சொல்லமாட்டேன், பொண்ணைப் பெத்தவங்க, வேற ரோசனையே ஓடல, என்னைப் பார்த்துக் கத்தினாங்க. "சம்பந்தியம்மா உக்காந்திருக்கறப்ப இது நின்னு போச்சுன்னா என்ற பொண்ணு வாழ்க்கை என்னாகறது? இந்த உறையைக் கழட்டு. கழட்டி மாட்டுச் சாளையில வை."

பின்பக்கத்து ஜிப்பை அவங்களே இழுத்தாங்க. துணி தளர்ந்தாப்புல நாடி அடங்கிக்கிட்டே வந்துச்சு. சிந்தாமணி அலறினா. ஸ்டெல்லா ஓடி வந்து விரலை வெச்சு, "ஜிப்பைப் போடுங்க, போடுங்கங்கறேன்ல!"ன்னு ஓனரம்மாவையே அதட்டினா. ஜிப்பைப் போட்டதும் நூல் மாதிரி மறுபடி வந்துச்சு.

"அப்ப அந்த ஒரு முழத்தை மட்டும் வெட்டியெடு. கத்திரி எங்கே?"

"அக்கா, அதை வெட்டுனா அவரை வெட்டுன மாதிரிங்க"ன்னேன் நான்.

"வாசல்ல கார் வந்துருச்சு, என்னை என்ன பண்ணச் சொல்றே? கத்திரியைக் குடு!"

கத்திரி என்ற பையிலதான் இருந்துச்சு. பையை மாரோட அணைச்சுக்கிட்டேன். ராஜாமணியம்மா அதைப் புடிச்சு இழுக்க, நான் விடாம நிக்க, ரெண்டு பொம்பளைக மல்லுக்கட்டிட்டிருந்த அந்த நேரத்துல சிந்தாமணி தரையில இருந்து எந்திரிச்சா. நூலும் பஞ்சும் ஒட்டுன சீலையோட, கலைஞ்ச தலையோட, போய் அந்தச் சோபாவுல நடுவுல உக்காந்தா.

உக்காந்தது தெரிஞ்ச மாதிரி நாடி எழும்புச்சு. ஸ்டெல்லா விரலை எடுக்காம, "இப்ப நல்லா வருது"ன்னா. "எந்திரிச்சுப் பாரு." எந்திரிச்சா. அடங்குச்சு. "உக்காரு." வந்துச்சு. அதுக்கு மேல ஒரு சோதனையும் வேண்டியிருக்கல.

மாப்பிள்ளை வீடு உள்ள வந்துருச்சு. சம்பந்தி, பேரு பெரியண்ணன், அவர் சம்சாரம் அம்சவேணி, பின்னால தட்டுத் தட்டாத் தூக்கிக்கிட்டு ஒறம்பரை சொந்தமெல்லாம். அவங்களுக்குன்னு போட்ட சோபாவுல டிரைவர் பொண்டாட்டி உக்காந்திருக்கறா, எந்திரிக்கல. ஓனரம்மா பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. "எந்திரி புள்ளே. பெரியவிய நிக்கறாங்க பாரு."

"மாட்டேனுங்க."

சென்னியப்பன் கையை ஓங்கிட்டு வந்தார். சிந்தாமணி அவரைப் பார்த்து, எங்க கடைச் சந்துல கூடக் குரலை ஒசத்தாதவ, ஹால் முழுக்கக் கேக்கச் சொன்னா: "அவர் தூங்கலைன்னு சொன்னார். கல்லு உருளுதுன்னு சொன்னார். நீங்க எடுறா வண்டியைன்னு சொன்னீங்க. நான் கேட்டுக்கிட்டுத் தரையில உக்காந்திருந்தேன். இப்ப உக்காந்த எடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேன். ஆளனுப்புங்க. அவரை எடுத்துக் குடுங்க."

அந்நேரம் ஓனர் போன் அடிச்சுது. எடுத்தார், ஹிந்தி, ஒண்ணும் புரியல. பெரியண்ணன் ஒரு காலத்துல அந்தப் பக்கமெல்லாம் வண்டி ஓட்டுனவர், போனை வாங்கிக் கேட்டார். கேக்கக் கேக்க அவர் தோள் எறங்குச்சு. போனைக் கையால பொத்திக்கிட்டுச் சொன்னார்: "வண்டி பள்ளத்துல கெடக்குதாம். கேபின் மண்ணுக்குள்ள. ஆள் முடிஞ்சிருச்சுன்னு சொல்றாங்க. மண்ணு அள்ளற மெசினை வேற எடத்துக்கு எடுத்துட்டுப் போகப் போறாங்களாம்."

பொம்பளைக ஒப்பாரி வெச்சுட்டாளுக. ஒருத்தி, யாரோ எவளோ, வழக்கத்தை மறக்காதவ, சிந்தாமணி தலைப் பூவுக்குக் கை நீட்டினா.

"தொட்டா ஒடிச்சுப் போடுவேன்." சிந்தாமணி அந்தக் கையைத் தட்டிவிட்டா. "அடிக்குது. வந்து பாருங்க. தோண்டச் சொல்லுங்க."

அம்சவேணியம்மா பட்டுச்சீலையோட முட்டி போட்டு உக்காந்து விளிம்புல கையை வெச்சாங்க. "ஏனுங்க, அடிக்குதுங்க." பெரியண்ணன் வெச்சார். அவர் போன்ல ஹிந்தியில கத்தினார், அந்தப் பக்கமும் கத்துச்சு. "நான் சொன்னா எடுபடல. நீ யாருங்கறான். வண்டி ஓனர் சொன்னா மெசினை நிறுத்துவானாம், இல்லைன்னா இப்பவே கெளப்பிருவானாம்."

எல்லாரும் சென்னியப்பனைப் பார்த்தாங்க. அந்த மனுசன் செவத்தோட ஒட்டிக்கிட்டு நின்னார். எனக்கு அந்த முகம் புரிஞ்சுது. ஆள் போயிட்டான்னா அந்தப் போன் பேச்சும் மண்ணோட போயிரும். ஆள் வந்தான்னா, புதுச் சம்பந்தி முன்னால, ஊர் முன்னால வாய் தெறந்து பேசுவான். நாடி இருக்குதுன்னு சொல்ல அவர் ஒரு வார்த்தை சொல்லணும், இல்லைன்னு சொல்லவும் ஒரு வார்த்தைதான்.

"எனக்கு... இப்பெல்லாம் சரியாத் தெரியறதில்லை"ன்னார்.

"தெனமும் காலையில காப்பியோட வெச்சீங்கல்ல, அந்தக் கைதான்"னா சிந்தாமணி. "அதை வைங்க."

"மெசினைத் திருப்பறானுங்களாம்"னார் பெரியண்ணன், போன் காதுல.

ராஜாமணியம்மாதான் போனாங்க. புருசனோட எடது மணிக்கட்டைப் புடிச்சு இழுத்துட்டு வந்து, அவர் கையை முன்விளிம்புல அமுக்கினாங்க. அவங்களும் அழுதுட்டிருந்தாங்க. சென்னியப்பன் குனிஞ்சு நின்னார், சிந்தாமணி காலுக்குப் பக்கத்துல அவர் தலை. விரலை ஓரத்துல அழுத்தி, எடத்தை மாத்தி மாத்தித் தேடினார். அப்பறம் போனுக்கு மத்தக் கையை நீட்டி, தெரியாத ஹிந்தியும் தெரிஞ்ச தமிழுமாக் கொழறினார். "ஓனர் பேசறேன். ஆள் உசுரோட இருக்கறான். ஜிந்தா. தோண்டு. நிறுத்தாதே, தோண்டு!"

தோண்டினாங்க. எத்தனை நேரம்னு என்னைக் கேக்காதீங்க, அன்னைக்குப் பொழுது நகரவே இல்லை. நல்ல நேரம் தப்பிப் போகுதுன்னு யாரோ முனகினதும், அம்சவேணியம்மா ஜமுக்காளத்தை விரிக்கச் சொல்லிக் கீழயே உக்காந்துட்டாங்க. சம்பந்தி ரெண்டு பக்கமும் தரையில உக்காந்து, பொண்ணும் மாப்பிள்ளையும் தரையில உக்காந்து, தாம்பூலத் தட்டு மாத்தறப்ப, அத்தனை தலைக்கும் மேல சிந்தாமணி சோபாவுல உக்காந்திருந்தா, கண்ணை மூடி, ரெண்டு கையாலயும் விளிம்பைப் புடிச்சுக்கிட்டு. அவளுக்கு முன்னால விழுந்து கும்புட்டுத்தான் அந்தப் பொண்ணு எந்திரிச்சா. யாரும் சொல்லல, அதுவாச் செஞ்சுச்சு. சென்னியப்பன் மட்டும் கையை எடுக்காம அங்கயே குந்த வெச்சு உக்காந்திருந்தார், எடுத்தா நின்னுருமோங்கற பயம் அவருக்கும் வந்துருச்சு.

மறுபடி போன் அடிச்சப்ப பெரியண்ணன் ஸ்பீக்கர்ல போட்டார். மொதல்ல காத்துச் சத்தம். ஹிந்தியில ரெண்டு பேர் கத்தினாங்க. அப்பறம், தொண்டைக்குள்ள மண்ணு போன மாதிரி, அர்த்தநாரி குரல்.

"அண்ணா... அண்ணனுங்களா?"

"சொல்லு சாமி"ன்னார் சென்னியப்பன். அந்த வார்த்தையை அவர் வாயில நான் அன்னைக்குத்தான் கேட்டேன்.

"அண்ணா, நான் தூங்கலைங்கண்ணா. சத்தியமாத் தூங்கல. வண்டி போச்சுங்கண்ணா, ஆனா நான் தூங்கல. நம்புங்கண்ணா."

சிந்தாமணி வாயில முந்தானையை வெச்சு அழுத்திக்கிட்டா. மண்ணுக்குள்ள அத்தனை நேரம் கெடந்த மனுசன் வெளிய வந்து மொதல்ல சொன்னது அதுதான். பொண்டாட்டி பேரைக்கூடச் சொல்லல, தண்ணி கேக்கல. சென்னியப்பன் அதுக்குப் பதில் சொல்லாம நழுவப் பார்த்தார். போனை எடுத்துச் சிந்தாமணிகிட்ட நீட்டினார்.

அவ வாங்கல.

"உங்களைத்தான் கேக்கறாருங்க அண்ணா. நம்பறீங்களான்னு கேக்கறார். சொல்லுங்க."

அந்தப் பக்கம் அர்த்தநாரி, "அண்ணா? அண்ணா?"ன்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தார்.